பதினேழாம் அறைக்கு ஒரு கம்ப்யூட்டர்

சைட் ஆபீஸ் கழித்துப் போட்டது.
இருபது ரியால், ஸ்டோர்கீப்பருக்கு ஒரு பாக்கெட் சிகரெட்.
ஜுபைல் கேம்ப், பி பிளாக்.
கட்டில் ஆறு, ஆள் ஏழு.
எப்போதும் ஒருவனுக்கு நைட் ஷிப்ட்
என்பதால் கணக்கு சரியாக வரும்.

மூடியைக் கழற்றினால் கைப்பிடி மணல்.
பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன்,
யாருடையது என்று சொல்ல மாட்டேன்.

சிடி முனகிக்கொண்டு சுழன்றது.
முதல் கேள்வியே இதுதான்:
எல்லோருக்குமா, உனக்கு மட்டுமா?

ரைஸ் குக்கர் எல்லோருக்கும்.
நாலரை மணிக் குளியலறை எல்லோருக்கும்.
பக்கிரிசாமியின் குறட்டை எல்லோருக்கும்.
எனக்கு மட்டும் என்று
கட்டிலைச் சுற்றி ஒரு பூப்போட்ட துணி உண்டு.
எல்லோருக்கும் என்று அமுக்கினேன்.

இடம் போதாது என்றது.
பழைய டெண்டர்களை அழித்தேன்.
யாரோ ஒரு இன்ஜினியரின் மகள்
நாலு மெழுகுவர்த்தியை ஊதிக்கொண்டிருந்தாள்.
அவளை ஒரு மூலைக்கு நகர்த்தினேன்.

நாற்பத்தேழு சதவிகிதத்தில் நின்றுவிட்டது.
ஆரோக்கியதாஸ் டூட்டிக்குப் போனான், நாற்பத்தேழு.
தில்பகதூர் வந்தான், குளித்தான், தின்றான், நாற்பத்தேழு.
மொஃபிஸுல் எதையோ ஓதி ஊதினான்.
நாற்பத்தெட்டு.
“தேக்கோ” என்று திரும்பிப் படுத்தான்.

காலையில் திரையில் ஏழு பெயர்கள்.
பெயருக்கொரு படம்: பந்து, கிதார், தவளை.
வாத்துக்கு மட்டும் இரண்டுபேர் சண்டை.
ஒருவன் பாஸ்வேர்டு அடிக்கும்போது
மற்றவர்கள் சுவரைப் பார்த்து நின்றோம்.
உடை மாற்றும்போதுகூட
அந்த அறையில் யாரும் அப்படித் திரும்பிக்கொண்டதில்லை.

ஹாஜா மைதீன்தான் முதலில் கட்டம் போட்டான்.
ஓவர்டைம் நோட்டைப் பார்த்துப் பார்த்து
ஒற்றை விரலால் மூன்று வெள்ளிக்கிழமைகள்.
கடைசியில் கூட்டச் சொன்னான்.
சம்பளச் சீட்டுகளில் நூற்றெண்பத்திரண்டு மணி நேரம்.
திரையில் இருநூற்றுப் பதினொன்று.

பழைய மெஷின், தப்பாக் கூட்டுது என்றான் பக்கிரிசாமி.
போனில் கூட்டினோம்.
பிறகு கையால், அட்டைப்பெட்டியின் முதுகில்.
இருபத்தொன்பது மணி நேரம்
எங்கேயோ போயிருந்தது.

யாரும் அதிகம் பேசவில்லை.
அவனவன் முறை வந்தபோது
அவனவன் நோட்டோடு உட்கார்ந்தான்.
மொஃபிஸுலின் எண்கள் வங்காளத்தில் இருந்தன,
அவன் நாலு என் கண்ணுக்கு எட்டு.
அவன் வாய்விட்டுச் சொல்ல நான் அடித்தேன்.
இந்த முறை யாரும் சுவரைப் பார்க்கவில்லை.

பிரிண்டர் கிடையாது.
சிமெண்ட் பைத் தாளைப் பிரித்து
ஏழு தொகையையும் மார்க்கரில் எழுதினேன்.
முதீரின் மேஜையில் புது மெஷின் இருக்கிறதாம்,
திறந்தால் ஒரே ஒரு பெயர்தான் வருமாம்.

இன்று நைட் தில்பகதூருக்கு.
அவன் பஸ் ஐந்தே முக்காலுக்கு வரும்.
மணி ஐந்து.
கட்டில் ஆறும் காலி.
பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டு
வாசலில் உட்கார்ந்திருக்கிறோம்.