நாற்பது நாள் மாவு

குத்தாய்சி ரொட்டி ஆலையிலிருந்து பதினோரு பேர்.
வேனில் பன்னிரண்டாவது இருக்கை காலி,
அது எனக்குக் கிடைத்தது, பாதி விலைக்கு.
மூன்று கோட்டைகள், ஓர் அருவி, மதிய உணவு அவரவர் பாடு
என்று அச்சடித்த தாளை
வெயில் மறைப்பில் செருகியிருந்தான் நுக்ஸார்.

ரியோனி ஆறு இடப்பக்கம் ஓடியது,
பிறகு வலப்பக்கம்.
பாலம் தாண்டியதாக யாருக்கும் நினைவில்லை.
மலைகள் முதலில் திராட்சைப் பந்தல்களுக்குப் பின்னால் நின்றன.
அப்புறம் பந்தல்களைக் காணோம்.
பனி மூடிய ஒரு சிகரம் மட்டும்
வளைவுக்கு வளைவு இடம் மாறிக்கொண்டே வந்தது,
வகுப்புப் படத்துக்கு நிற்கத் தெரியாத பையன் மாதிரி.

முதல் கோட்டையில் மிச்சம் ஒரே சுவர்.
அதன் நிழலில் ஒரு பசு.
எல்லோரும் பசுவையும் சேர்த்தே படமெடுத்தார்கள்.

இரண்டாவது தெத்ரிசிகே.
'வெள்ளைக் கோட்டை' என்று பொருளாம்.
கல்லெல்லாம் கருப்பு.
கதவில் பூட்டு,
பூட்டுக்கு மேல் ஒரு சீட்டு:
'பல் பிடுங்கப் போயிருக்கிறேன். ஒதியா.'

ஒன்றரை மணி நேரம் அந்த மதிலை முற்றுகையிட்டோம்.
தலையில் சூட உழிஞைப் பூ இல்லை,
கோச்சாவிடம் ஒரு கால்பந்துத் தொப்பி இருந்தது.
யானை இல்லை, ஏணி இல்லை.
வெள்ளரிக்காய், பாலாடைக்கட்டி,
அவர்களே விடியற்காலையில் சுட்ட ரொட்டி.
எங்கள் படை உண்டு முடித்து
பாறைமேல் கொஞ்சம் தூங்கவும் செய்தது.

ஒரு கன்னம் வீங்கி வந்து சேர்ந்தான் ஒதியா.
பேச முடியவில்லை,
சாவியால் சுட்டிக்காட்டினான்:
அது மன்னர் கூடம். அது காவல் கோபுரம்.
வழிகாட்டிப் பெண் நத்தேலா புத்தகம் பார்த்து வாசித்தாள்:
'தொண்ணூறு நாள் முற்றுகையைத் தாங்கியது.'

யாரும் மன்னர் கூடத்துக்குப் போகவில்லை.
மூலையில் தரைக்குள் புதைந்த அடுப்பு ஒன்று,
பெரிய களிமண் குடம் போல, வாய் மட்டும் வெளியே.
பதினோரு பேரும் அதைச் சுற்றிக்கொண்டார்கள்.
சியாலா மண்டியிட்டு
தோள்வரை கையை உள்ளே விட்டாள்.
'ஒரு சூட்டுக்கு இருபத்துநாலு ஒட்டலாம்,' என்றாள்.
கோச்சா பக்கத்து அறையைக் காலடியால் அளந்தான்.
நூற்றிருபது மூட்டை. அதற்குமேல் அடுக்கினால் ஈரம் ஏறும்.
'உள்ளே எத்தனை பேர்?'
'முந்நூறு,' நத்தேலா பக்கம் புரட்டிச் சொன்னாள்.
ஆளுக்கு அரைக் கிலோ.
நாளைக்கு மூன்று மூட்டை.

சியாலா கையை வெளியே எடுத்தாள்,
நகக்கண்களில் கரி.
'நாற்பது நாள்தான்.'

நத்தேலா மறுபடி புத்தகத்தைப் பார்த்தாள்.
அதில் தொண்ணூறு என்றே இருந்தது.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
அம்புக்கண் வழியே சிகரம் எட்டிப் பார்த்தது,
இப்போது அசையாமல்.
'முதலில் பாதியாக்கியிருப்பாள்,' என்றாள் சியாலா,
யாரை என்று சொல்லாமல்.
'பிறகு கால்.
பிறகு பீச் மரப்பட்டையை இடித்துக் கலந்திருப்பாள்.
மாவு ஒட்டாது, உதிரும்.
தளபதிக்குத் தெரிவதற்கு முன்னால்
அவள் கைக்குத் தெரிந்திருக்கும்.'

ஒதியா வீங்கிய வாயோடு ஏதோ சொன்னான்.
இருபது வருடத்தில் இதை யாரும் கேட்டதில்லையாம்,
கோச்சா எனக்குக் கையால் விளக்கினான்.
மிச்சமிருந்த ரொட்டியைப் பிட்டு
மேல்தோலை நீக்கி
மெத்தென்ற உட்பகுதியை மட்டும் அவனிடம் நீட்டினாள் சியாலா.
சரியாத பக்கத்துப் பற்களால்
அவன் மெல்ல மெல்லத் தின்றான்.

மூன்றாவது கோட்டையை மூடுபனி வைத்துக்கொண்டது.
அருவியின் சத்தம் மட்டும் கேட்டது.
காசைத் திருப்பித் தர மாட்டேன் என்று நுக்ஸார் சொன்னதற்கு
வேன் முழுக்கச் சிரிப்பு.
பிறகு குறட்டை.
அதிகாலை நாலு மணிக்கு அவர்களுக்கு வேலை.

திங்கட்கிழமை
விடுதிக்கு எதிர்க்கடையில் ஒரு ரொட்டி வாங்கினேன்.
இன்னும் சூடு.
பையில் போடாமல்
கையில் வைத்து எடை பார்த்தேன்.
பின்னால் நின்ற ஆள் தொண்டையைச் செருமினார்.