மங்கல்

அடுப்பின் பெயர் அங்கே மங்கல்.
நம் காதுக்கு அது வெளிச்சம் குறைவது.
எயிர்திர் ஏரிக்கரையில் அந்த மாலை
இரண்டு பொருளும்
ஒரே தகரப் பெட்டிக்குள் இருந்தன.

மடக்குக் கால் நான்கு.
ஒன்றுக்குத் திருகாணி இல்லை.
நெவ்ஸாத் போன வருடம் கட்டிய கம்பி
இன்னும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.
நெவ்ஸாத்தின் வலக்கையை
மாவுக்கட்டு பிடித்துக்கொண்டிருக்கிறது:
செர்ரி மரம், ஏணி, ஒரு படி குறைவு.

பதினெட்டு வருடக் கல்யாணத்தில்
நெருப்பு அவன் இலாகா.
பெரிஹானுக்கு வெங்காயம், தக்காளி, பாத்திரம்.
இன்று அவன் மடக்கு நாற்காலியில்
பதவி போன மந்திரி.
தீப்பெட்டி அவள் கையில்.

"கூம்பா அடுக்கு."
அடுக்கினாள்.
"அப்படி இல்ல."
கலைத்தாள்.
"நடுவுல ஒரு பைன் காய் வை. எண்ணெய் ஊத்தாதே.
காத்துக்கு முதுகைக் காட்டாதே.
என்னைப் பாக்காதே, கரியைப் பாரு."
அவனைத்தான் பார்த்தாள்,
பற்றாத கரித்துண்டைப் பார்ப்பதுபோல.

பற்றியது. முழங்கால் உயரச் சுவாலை.
"பொறு" என்றான்.
அவன் சொன்னதில் உருப்படி அது ஒன்றுதான்.
அதை மட்டும் அவள் கேட்கவில்லை.
தயிரும் மிளகாய் விழுதும் பூசிய கோழி இறக்கைகள்
கம்பிவலைக்குள் நசுங்கி நெருப்பின் மேல் ஏறின.

கரிக்கும் கறிக்கும்
ஓர் எழுத்து இடைவெளி.
முதல் சுற்றில் அதுவும் போயிற்று.

பக்கத்துக் கூடாரத்து ஆட்கள்
நாகரிகமாக ஏரியைப் பார்த்தார்கள்.
மஞ்சள் நாய் ஒன்று மட்டும்
ஒளிவுமறைவில்லாமல் வாலாட்டியது.

அவன் சிரித்திருந்தால் காரை எடுத்திருப்பாள்.
சிரிக்கவில்லை.
செருப்புப் பெட்டி மூடியை இடக்கையால் எடுத்து
விசிற ஆரம்பித்தான், தாறுமாறாக.
சாம்பல் முழுவதும் அவள் புருவத்தில்.

சுவாலை உட்கார்ந்தது.
கரியின் மேல் வெள்ளைத் தோல் படர,
உள்ளே சிவப்பு மூச்சு வாங்கியது.
உள்ளங்கையை மேலே காட்டி எண்ணினாள்.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு,
ஐந்தில் கையை இழுத்துக்கொண்டாள்.
யாரும் சொல்லித்தந்ததில்லை.
வெங்காயம் நறுக்குகிறவளுக்கும்
கண் இருக்கிறது.

இரண்டாம் சுற்றின் கொழுப்பு
முதல் சொட்டு விட்டு 'சொய்'யென்றபோது
மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்
வனக்காவலர் துர்முஷ்.
"பைன் மரத்தடியில கரி கூடாது, அக்கா.
அணைச்சிடுங்க. இல்லாட்டி
அந்தக் கூழாங்கல் திட்டுக்குப் போயிடுங்க."

அறுபது அடி தூரம்.
கைப்பிடி இரண்டு.
நல்ல கை மூன்று.

தூக்கினார்கள்.
"மெதுவா."
"நீ மெதுவா."
"கல்லு."
"பாத்துட்டேன்."
"சாய்க்காதே."
"உன் பக்கம்தான் சாயுது."
பாதி வழியில் கம்பி கட்டிய கால்
கழன்று தொங்கியது.
நிற்கவும் முடியாது, கீழே வைக்கவும் முடியாது,
வீட்டுக் கடன்போல.
பின்னால் தண்ணீர் வாளியோடு துர்முஷ்,
அவருக்குப் பின்னால் நாய்.

ஏரியிலிருந்து எழுந்த காற்று
நடந்துகொண்டிருந்த நெருப்பை
எந்தப் பெட்டி மூடியும் விசிறாத விதத்தில்
விசிறியது.
மூன்று காலும் ஒரு கல்லுமாக இறக்கி வைத்தபோது
வெந்திருந்தது.

"ட்யூட்டியில இருக்கேன்" என்றார் துர்முஷ்.
கத்தரிக்காயின் கரிந்த தோலை உரித்து
ரொட்டியில் வைத்து அவள் நீட்டினாள்.
ட்யூட்டி கொஞ்ச நேரம்
அந்தப் பக்கம் திரும்பி நின்றது.

மலைக்குப் பின்னால் வெயில் போய்
தண்ணீர் மங்கியது, முகங்கள் மங்கின.
யார் கை எது என்று தெரியாமல்
ஒரே தட்டில் தின்றார்கள்.
"உப்பு கொஞ்சம் கம்மி" என்றான் நெவ்ஸாத்,
ஏழாவது இறக்கையைக் கடித்தபடி.
மிளகாய் கட்டும் பொட்டலத்தை
அவன் மடியில் போட்டாள்.

ஆறு வாரம் கழித்து
இஸ்பார்தா மருத்துவமனையில்
மாவுக்கட்டை வெட்டிக்கொண்டிருந்த இளைஞன்
ரம்பத்தை நிறுத்தினான்.
ஒருமுறை மோந்து பார்த்தான்.
"எந்த ஏரி?" என்றான்.