தினவட்டி

வலத் தொடையில் மரப்பூசி போட்டு
பட்டாணி அளவுக்குச் சதை எடுத்தார்கள்.
பெரியாஸ்பத்திரி நெஞ்சு நோய் வார்டு, சித்திரை வெயில்,
மூன்று மின்விசிறியில் இரண்டு ஓடவில்லை.
'நோவு நெஞ்சுலதானம்மா,
கால எதுக்குக் குடையுறீங்க?'
டாக்டர் ஷமீம் பர்வீன் சிரிக்காமல் சொன்னார்:
'விரல்ல ஆக்சிஜன் தொண்ணூத்தஞ்சு காட்டுது.
மூச்சு மிச்சமிருக்கும்போதே
உங்க கால் நின்னுருது.
ஏன்னு காலைத்தான் கேக்கணும்.'

இருபத்தெட்டு வருசம்
நெல்பேட்டையிலும் முனிச்சாலையிலும்
டிவிஎஸ் ஃபிஃப்டியில் தினவட்டி வசூலித்தவன் நான்.
வீட்டுக்கு ஒரு பீடி.
நோட்டில் ஏறாத கணக்கு அது ஒன்றுதான்.

பத்து நாள் கழித்துத் திரையில் காட்டினார் என் சதையை.
குறுக்கே வெட்டிய கரும்புக்கட்டு மாதிரி இருந்தது.
கறுத்த இழை கொஞ்சம்,
வெளுத்த இழை ஏராளம்.
கறுத்தது நிதானக்காரன்.
காற்றை வாங்கி, அடுப்பை அணையாமல் வைத்து,
ஒரு துளிச் சர்க்கரையை முப்பது காசாக்குவான்.
வெளுத்தவனுக்குக் காற்றுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை.
அதே சர்க்கரைக்கு ரெண்டே காசு,
மிச்சம் புளித்துத் தொடையில் தேங்கும்.
'நோய் வந்தா நிதானக்காரங்க குறைஞ்சு போறாங்க' என்றார்.

எனக்கு விளங்கிவிட்டது.
பாங்கில் வாங்க வக்கில்லாதவன்தானே
மீட்டர் வட்டிக்காரனிடம் வருவான்?
சுருக்குப்பைச் சில்லறை பத்து நொடிக்குக் காணும்:
எழுந்து நிற்க, தாழ்ப்பாளை நீக்க.
காலியான பை மறுபடி நிரம்ப
மற்றவனுக்கு அரை நிமிசம்.
எனக்கு,
மாடிப்படியின் பாதியில் உட்கார்ந்து
எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணிகளை
எண்ணி முடிக்க வேண்டும்.

நடைச் சோதனை ஆறு நிமிசம்.
முப்பது மீட்டர் தாழ்வாரம்,
முனைக்கு ஒரு ஆரஞ்சுக் கூம்பு.
எதிர்க் கூம்பிலிருந்து வந்தவள் ஒச்சம்மா.
யானைக்கல்லில் இட்லிக் கடை,
பீடியைத் தொட்டதில்லை; விறகுப்புகை மட்டும்
முப்பது வருசம்.
ஓர் ஐப்பசி மழையில், தவணை தவறியதற்கு,
அவள் இட்லிக் கொப்பரையை வண்டியில் கட்டி எடுத்து வந்தவன் நான்.
சிம்மக்கல் வரை பின்னாலேயே ஓடி வந்தாள்.
அப்போது அவள் காலில்
கறுத்த இழைகள் நிறைய இருந்திருக்கும்.

தாழ்வாரத்தின் நடுவில் பார்த்துக்கொண்டோம்.
பேச இருவருக்கும் மூச்சில்லை.
கூம்பைச் சுற்றித் திரும்பினோம்.
மறுபடி பார்த்தோம்.
அவள் முன்னூத்திப் பன்னெண்டு மீட்டர்.
நான் இருநூத்தி எண்பத்தி நாலு.
பெஞ்சில் முட்டியைப் பிடித்துக்கொண்டு,
மூச்சுக்கு ஒரு சொல்லாகக் கேட்டாள்:
'என்னய்யா...
இன்னைக்கு...
வசூலு...
எம்புட்டு?'

இப்போது வாரம் மூன்று நாள்
ஒற்றைக் கால் சைக்கிள்.
ரெண்டு காலும் ஒரே நேரத்தில் கேட்டால்
நெஞ்சுப் பெட்டியில் இல்லை.
ஒன்று மட்டும் கேட்டால் எண்ணிக் கொடுக்கலாம்.
மற்றதை ஸ்டூலில் தூக்கி வைத்து
ஒரு காலுக்கு மட்டும் மிதிக்கிறோம்.
ஊரில் ஒருத்தனுக்கும் நான் இந்தச் சலுகை
தந்ததில்லை.

பக்கத்துச் சைக்கிளில் ஒச்சம்மா.
ஆறாவது வாரம்.
நேற்று கீழ்த்தளத்திலிருந்து
நிற்காமல் ஏறி வந்தேன் என்கிறாள்.
உள்ளே அடுப்புகள் பற்றிவிட்டனவா என்று
இன்னொரு ஊசி போட்டால்தான் தெரியும்.

கொப்பரையை இன்றுவரை அவள் கேட்கவில்லை.
விளக்குத்தூண் பாத்திரக் கடையில்
எடைக்குப் போட்டது.
அதைச் சொல்ல நீளமாக ஒரு வாக்கியம் வேண்டும்,
நடுவில் நிறுத்தினால் பொய்யாகிவிடும் வாக்கியம்.

நர்ஸ் மணி பார்க்கிறாள்.
இன்று இடது காலின் முறை.