கடைசிப் பத்து நிமிடம்

போஸ்டரில் பதினான்கு முகங்கள்.
டிக்கெட் கிழிப்பவனுக்கு எண்ணிப் பார்க்க நேரம் உண்டு.
ஒருவர் தோளில் இன்னொருவர் தாடை,
பஸ் புட்போர்டில் தொங்குபவர்கள்போல்
சிரிப்பை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு.

டுலூத்தில் டிசம்பர் இருபத்தெட்டு.
ஏரிக்காற்று கண்ணாடிக் கதவை
கடன்காரன்போல் தட்டிக்கொண்டிருந்தது.
இரவுக் காட்சி விட்டு வந்தவர்கள் காரைத் தேடினார்கள்.
கார் நின்ற இடத்திலெல்லாம் வெள்ளை மேடு.
பனி தள்ளும் வண்டி வர
இன்னும் ஒரு மணி நேரமாம்.
மிஞ்சிய பாப்கார்னைச் சும்மா கொடுத்தேன்.
அதுதான் தப்பு.
வாய்க்கு வேலை வந்ததும்
வழக்குக்கும் வந்துவிட்டது.

"இது படமா, ஏர்போர்ட்டா?" என்றார் ஆர்வில் டால்குவிஸ்ட்,
இரும்புத் தாதுக் கப்பலில்
முப்பது வருடம் எஞ்சின் பார்த்தவர்.
"வருகிறான், கட்டிப்பிடிக்கிறான், போகிறான்.
பெட்டி யாருடையது என்று தெரிவதற்குள் அடுத்த விமானம்.
அந்தப் பனியைப் பார்த்தீர்களா?
இமையில் விழுகிறது, உருகவில்லை.
இரண்டு மணி நேரத்தில் ஒருத்தன்கூட
கார்க் கண்ணாடியைச் சுரண்டவில்லை."

"சுரண்டுவதைப் பார்க்கப் பதினோரு டாலரா?"
மார்லிஸ், அவர் மனைவி, கையுறையை உதறினாள்.
"அந்தப் படம் நம் வாசலில் ஓடுகிறதே,
தினசரி நான்கு காட்சி."

பெஞ்சில் காலை மடக்கி உட்கார்ந்திருந்த மாய் சீ வாங்,
நர்சிங் இரண்டாம் வருடம், சொன்னாள்:
"பதினான்கு ஜோடியில் ஒன்று பிடிக்கவில்லையா,
ஆறு நிமிடம் பொறுத்தால் போதும்.
நான் ஒருத்தனை நான்கு வருடம் பொறுத்தேன்."

யாரும் சிரிக்கவில்லை.
பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

டெஸ்மண்ட் மட்டும் இல்லை.
மினியாபோலிஸில் சினிமா படிக்கிறான்,
விடுமுறைக்கு வந்தவன், தாடி இன்னும் முழுசாக வரவில்லை.
"அது காதல் இல்லைங்க, கால்ஷீட்.
யார் யாருக்கு எந்த நாள் ஒழிந்ததோ
அவர்கள் ஒருவரையொருவர் விரும்பிவிடுகிறார்கள்.
அந்த அண்ணனும் தங்கையும்
ஒரே தெருவில் குடியிருக்கிறார்கள்,
போனில் மட்டுமே அழுகிறார்கள்.
ஒரே ஃபிரேமில் ஒருமுறையாவது பார்த்தீர்களா?"

ஆர்வில் மெல்லுவதை நிறுத்தினார்.

என்னையும் கேட்டார்கள்.
என்ன சொல்வது?
துடைப்பத்தோடு பின்சுவரில் சாய்ந்து
கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும்
முப்பத்தொரு தடவை பார்த்திருக்கிறேன்.
எனக்குத் தெரிந்து அவர்கள் எல்லோரும்
பிறந்ததிலிருந்தே முத்தமிட்டுக்கொண்டிருப்பவர்கள்.
கோபம், பொய், தவறவிட்ட ரயில்
எதுவும் எனக்குக் காட்டப்படவில்லை.
இவ்வளவு சந்தோஷமானவர்களுக்கு
எதற்குக் கதை என்றுதான் யோசிப்பேன்,
சீட்டுக்கடியில் ஒட்டிய மிட்டாயைச் சுரண்டியபடி.

ஆனால் ஒன்று தெரியும்.
இருபத்து நான்காம் தேதி மதியக் காட்சிக்கு
பதினோரு பேர் வந்தார்கள், தனித்தனியாக.
இரண்டு சீட் இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள்.
ஒரே இடத்தில் சிரித்தார்கள்.
விளக்குப் போட்டதும்
யாரும் யாரையும் பார்க்காமல்
கோட்டுப் பொத்தானை நிதானமாகப் போட்டார்கள்,
மொத்தம் எத்தனை பொத்தான் என்று எண்ணுகிறவர்கள்போல.
இதை நான் சொல்லவில்லை.
"ஹீட்டர் நன்றாக இருக்கும்" என்றேன்.

ஆரஞ்சு விளக்கு சுழல வண்டி வந்தது.
வாதம் பாதி வாக்கியத்தில் நின்றது.
மாய் சீயின் காரையும் சேர்த்துச் சுரண்டினார் ஆர்வில்,
திட்டிக்கொண்டே.
மார்லிஸ் போன் வெளிச்சம் பிடித்தாள்.
கேமரா மேலே எழவில்லை.
பாட்டு வரவில்லை.
டெஸ்மண்ட் வழுக்கி விழுந்தான், அவ்வளவுதான்.

மறுநாள் நான்கு மணிக் காட்சிக்கு
ஆர்வில் தனியாக நின்றார்.
"அந்த அண்ணன் தங்கை விஷயம்,
ஒருமுறை சரிபார்க்க வேண்டும்."

கடைசிப் பத்து நிமிடம் பின்சுவரில்
என் பக்கத்தில் நின்றே பார்த்தார்.
"இல்லை. ஒரே ஃபிரேமில் வரவே இல்லை" என்றார்,
கேஸ் ஜெயித்தவர்போல்.

மூக்கு சிவந்திருந்தது.
குளிர் என்றார்.
ஹீட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது.