பதினோராவது நிமிடம்

துரோந்தூர் கப்பலில் எஞ்சின்காரன்,
சத்தம் நின்றால் விழித்துக்கொள்கிறவன்.
நான் சத்தம் கேட்டால் விழிக்கிறவள்.
பன்னிரண்டு வருடமாக ஒரே கட்டில்.
ஒரே தூக்கம் மட்டும் வாய்க்கவில்லை.

தலையணைக்கடியில் கைபேசி
இரண்டே காலுக்குத் துடிக்கும்.
தோர்ஷவுனில் அந்நேரம் காற்று
கூரைத் தகரத்தை உரிக்க வருமா என்று
நகம் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்.
படகுச் சீட்டுச் சேவை விழுந்துவிட்டது என்று செய்தி.
மடிக்கணினியைத் திறப்பேன்.
ஒரே வரி: மறுபடி தொடங்கு.
எழுந்து நின்றுகொள்ளும்,
யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும்
அழாமல் எழுகிற பிள்ளை மாதிரி.
மூன்றரைக்கு மறுபடி.
சில இரவுகளில் ஐந்து தடவை அந்த ஒரே வரியைக்
கண்ணைத் திறக்காமலே தட்டியிருக்கிறேன்.

கண்ணைத் திறக்காமல் செய்கிற வேலைக்கு
ஆள் எதற்கு?

நவம்பரில் ஒரு ஞாயிறு
உட்கார்ந்து விதி எழுதினேன்.
விழுந்தால் தூக்கு.
வட்டு நிரம்பினால் பழைய பதிவுகளை அழி.
பத்து நிமிடத்துக்குள் மூன்று தடவை விழுந்தால்
அப்போது என்னை எழுப்பு.

மறுநாள் எதிர் மேசை ஹெக்னி எட்டிப் பார்த்தான்.
"பதினோரு நிமிடத்துக்கு ஒரு தடவை விழுந்தால்?"
சோறு போடுகிறவளிடம் கல் இருக்குமா
என்று கேட்கிற ஆள் அவன்.
காபி ஆறுகிறது, போ என்றேன்.

முதல் இரவும் இரண்டே காலுக்கு விழித்தேன்.
கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி
இருண்டு கிடந்தது கைபேசி.
கூப்பிட வேண்டும் போலக்கூட இருந்தது, அதை நான்.
பிறகு பழகிவிட்டது.
துரோந்தூர் தூக்கத்தில் வால்வு எண்களை முணுமுணுப்பான்,
ஏழில் எப்போதும் திக்குவான் என்பதெல்லாம்
அந்தக் குளிர்காலத்தில்தான் தெரியவந்தது.

ஜனவரியில் தெற்குத் தீவிலிருந்து கடிதம், கையெழுத்தில்.
சுன்னேவா என்றொரு பெண்.
எனக்கும் இரண்டு கிடாக்களுக்கும் இடம் கேட்டேன்.
நான்கு தடவை பணம் போனது, இடம் வரவில்லை.
கிடாக்கள் இன்னும் என் முற்றத்தில்தான் நிற்கின்றன.
கொடியில் காயப்போட்ட கையுறையைத் தின்றுவிட்டன.
இடது கை.

சிரித்துக்கொண்டேதான் பதிவைத் திறந்தேன்.
ஒரே வாரத்தில்
தொள்ளாயிரத்துப் பதினாறு தடவை விழுந்திருந்தது.
தொள்ளாயிரத்துப் பதினாறு தடவையும்
மண்ணைத் தட்டி நிறுத்தியிருந்தது என் விதி,
ஒரு முனகல் வெளியே கேட்காமல்.
ஒவ்வொரு விழுகையிலும் யாரோ ஒருவர்
பணத்தை நீட்டிய கையோடு
பாதிப் படியில் நின்றிருக்கிறார்.
பதினோரு நிமிடம். பதினோரு நிமிடம். பதினோரு நிமிடம்.
எப்போது தொடங்கியது என்று பின்னால் போனேன்.
அங்கே ஒன்றுமில்லை.
இரண்டாவது விதி
சொன்னதைச் சொன்னபடி செய்திருந்தது.

ஹெக்னி ஒரு வார்த்தை பேசவில்லை.
பிஸ்கட் டப்பாவை மட்டும் என் பக்கம் தள்ளினான்.
அதற்குத் திட்டியிருக்கலாம்.

மூன்று நாள் தேடிப் பிடித்தேன்:
திறந்த இணைப்பைச் சாத்த மறந்த ஒரு வரி.
இரண்டு வருடத்துக்கு முந்தையது.
கீழே என் பெயரின் முதலெழுத்து.

விதியைக் கிழித்துப் போடவில்லை.
அந்தப் பழைய இரவுகளுக்கு
திரும்பிப் போகிற தைரியம் எனக்கில்லை.
தூக்கும்போதெல்லாம் ஒரு கோடு கிழி,
ஒரு நாளில் பத்துக் கோடு சேர்ந்தால்
எவ்வளவு இடைவெளி விட்டு விழுந்திருந்தாலும்
எழுப்பு என்று சேர்த்தேன்.
அழி என்பதை அழித்தேன்.
சுன்னேவாவுக்குப் பணமும் ஒரு ஜோடிக் கையுறையும் போயின.

நேற்று இரவு திடுக்கென்று விழித்தேன்.
கைபேசி இருட்டாகத்தான் கிடந்தது.
பக்கத்தில் துரோந்தூர்
எழுந்து உட்கார்ந்திருந்தான்.
"என்ன நின்றது?" என்றான்.
தெரியவில்லை.
இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக் கேட்டோம்.

காற்று.