மந்த வாயு

ராஸ் லஃபானில் எனக்கு வேலை
எதனோடும் சேராத ஒன்றைச்
சுத்தம் பார்ப்பது.

கடலடி எரிவாயுவில்
ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை ஹீலியம்.
மற்றதெல்லாம் குளிரில் திரவமாகி விலகிய பின்னும்
அது மட்டும் வாயுவாகவே நிற்கும்.
அளந்து, சீட்டு ஒட்டி, கப்பலுக்கு அனுப்புவோம்.

பத்தாம் வகுப்பில் சண்முகவடிவு டீச்சர்
அணுக்களுக்குக் கை வரைந்தார்.
சோடியத்துக்கு ஒரு கை, குளோரினுக்கு ஒரு கை,
பிடித்துக்கொண்டால் உப்பு.
ஹீலியத்துக்குக் கையே இல்லை.
வெறும் வட்டம்.
அதற்கும் ஒரு மதிப்பெண் உண்டு.

இரவுப் பணியில் படித்தேன்:
இரண்டு வைர முனைகளுக்கு நடுவே
ஒரு துளி உப்பை வைத்து நெரித்தால்
அது டீச்சரை மறந்துவிடுகிறது.
ஒரு சோடியத்துக்கு மூன்று குளோரின்.
ஒரு குளோரினுக்கு மூன்று சோடியம்.
இன்னும் நெரித்தால்,
பத்து லட்சம் வளிமண்டலங்களுக்கும் மேலே,
சோடியங்களுக்கு நடுவே
ஹீலியம் வந்து உட்காருகிறது.
கொடுப்பதில்லை, வாங்குவதில்லை.
அது உட்கார்ந்ததால் எலக்ட்ரான்கள் ஒதுங்கி
காலி மூலைகளில் இரண்டிரண்டாய்க் குடியேறுகின்றன.
உலோகமாய் இருந்தது
வெளிச்சத்தை உள்ளே விடுகிறது.

நம் காலுக்குக் கீழே
இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டரில்
அந்த நெருக்கடி சாதாரணம்.
அங்கே எது எதோடு குடித்தனம் நடத்துகிறதோ,
யாரும் போய்ப் பார்த்ததில்லை.

அல் கோரில் எங்கள் அறைக்கு
நான்கு இரட்டைக் கட்டில், ஒரு ஜன்னல்.
பெனடிக்ட் கூஞ்ஞ மேல்தட்டில்.
கடன் கேட்டதில்லை, சீட்டாடியதில்லை.
சம்பள நாளில் பிரியாணிக்குப் பங்கு தந்துவிட்டுத்
தட்டோடு ஏணி ஏறிவிடுவான்.
ஹீலியம் என்று பெயர் வைத்தது நான்தான்.

ஆகஸ்டில் ஒரு வியாழன் இரவு ஏசி நின்றது.
மாடிக் கதவுக்குப் பூட்டு.
எட்டுப் பேரும் நடைவழித் தரையில்.
தீபேந்திராவும் தங்கச்சனும்
பதினான்கு மாதமாய்ப் பேசாதவர்கள்
(ஒரு சார்ஜர்; அதற்குமேல் சொல்ல மாட்டார்கள்).
பெனடிக்ட் வந்து இருவருக்கும் நடுவில்
ஒரு முழ இடத்தில் உட்கார்ந்தான்.
பனியனைக் கழற்றிப் பிழிந்தான்.
ஒரு வார்த்தை இல்லை.
அவன் உடம்புச் சூடு தாங்காமல்
இவன் எழுந்து மூலைக்குப் போனான்,
அவனும் எழுந்தான்.
மூலை ஒன்றுதான் இருந்தது.

மூன்று மணி வாக்கில்
தங்கச்சனின் போன் வெளிச்சத்தில் இரண்டு முகம்.
"எந்த வகுப்பு?" என்று தீபேந்திரா கேட்டது
எனக்குக் கேட்டது.

காலையில் மெக்கானிக் வந்து கம்ப்ரசர் மாற்றினான்.
அறை குளிர்ந்தது.
ஞாயிற்றுக்கிழமைக்குள் பழைய மௌனம்.

வைரத்தைத் தளர்த்தினாலும் அப்படித்தானாம்.
சோடியம் சோடியம், ஹீலியம் ஹீலியம்.
அப்படி ஒன்று இருந்ததற்கு
எக்ஸ்ரேயில் சில புள்ளிகள் சாட்சி.
எங்களுக்கு அதுவும் இல்லை.

இதை உவமையாக்க எனக்கு இஷ்டமில்லை.
கட்டிலுக்கு மாதம் முந்நூற்றைம்பது ரியால்,
அணுவுக்கு வாடகை கிடையாது.
ஆனாலும் பூமியால் பிடித்துவைக்க முடியாத வாயு அது.
டிசம்பரில் ஒரு பகல் ஷிப்ட் முடிந்து வந்தபோது
மேல்தட்டில் மெத்தை சுருட்டியிருந்தது.
அந்த மாதப் பிரியாணிக்குப் பத்து ரியால்
ஃப்ரிட்ஜ் மேல் இருந்தது.
யார் எடுப்பதென்று தெரியாமல்
மூன்று நாள் அங்கேயே இருந்தது.