திரும்பக் காசில்லை

பட்டர்வொர்த் துறை, காலை ஏழே கால்.
மோட்டார் சைக்கிள்கள் ஒற்றை வரிசையில்
உறுமிக்கொண்டு ஃபெரிக்குள் இறங்குகின்றன.
அட்டையைத் தட்டிவிட்டு நானும் ஏறுகிறேன்.
தீவுக்குப் போகத்தான் காசு.
திரும்பி வரும்போது யாரும் கேட்பதில்லை.

என் வேலை மூச்சை அளப்பது.
ஜன்னல் இல்லாத அறை, மூக்குக்குக் கவ்வி, வாய்க்குக் குழாய்.
தாரிக். தாஹான். லெபாஸ்.
இழுங்க. பிடிங்க. விடுங்க.
நாளுக்கு நாற்பது தடவை சொல்லிச் சொல்லி
வீட்டில் குக்கர் சீறினாலும்
தாஹான் என்கிறது வாய்.

இன்று பதினோரு மணிக்கு சவரிநாதன்.
பழைய ஃபெரியின் இயந்திர அறையில் முப்பத்திரண்டு வருடம்.
டீசல் புகை முதலாளி கொடுத்தது,
சிகரெட் தானே வாங்கியது.

இழுங்க, என்றேன்.
உதரவிதானம் கீழே இறங்குகிறது.
கூலி வாங்கும் தசை அது, சும்மா அசையாது.
காற்று கிளை பிரிந்து, கிளை பிரிந்து,
இருபத்து மூன்று தடவை பிரிந்து,
கடுகில் பத்தில் ஒரு பங்கு அறைக்குள்
போய் நிற்கிறது.
அதற்கப்பால் வழியில்லை.
சுவர்.

பிடிங்க.
அந்தச் சுவருக்குக் கதவில்லை, காவலில்லை,
இந்தப் பக்கத்திலிருந்து தள்ளிவிட ஆளுமில்லை.
நெரிசலிலிருந்து காலியிடத்துக்கு நகர்வது தவிர
காற்றுக்கு வேறு சட்டம் தெரியாது.
ஆனால் முதலில் நனைய வேண்டும்.
சேற்றுக்கரையில் நண்டு தின்னும் நீர்நாய்,
எப்போதாவது நீரிணையில் முதுகு காட்டும் ஓங்கில்,
லெபோ பசாரில் மீன்தலைக்குக் காத்திருக்கும் பூனை,
நான், சவரிநாதன்,
பால் குடித்து வளர்ந்த எல்லாருமே
நெஞ்சுக்குள் ஓர் ஈரத்தைச் சுமந்துகொண்டுதான்
உலர்ந்த காற்றிடம் கடன் கேட்கிறோம்.

மறுபுறம் சிவப்பணுக்கள்,
குழாய் அவ்வளவு குறுகல், ஒவ்வொன்றாகத்தான் போக முடியும்.
முக்கால் விநாடிப் பயணம்.
கால் விநாடியிலேயே ஏற்றி முடித்துவிடும்.
கொண்டுவந்த கரியமிலவாயு எதிர்ப்பக்கம் இறங்கியிருக்கும்.
மிச்ச அரை விநாடி
பஸ்ஸுக்கு ஓடும் நாளுக்கென்று முடிந்துவைத்த சில்லறை.

விடுங்க.
இதற்குத் தசை வேண்டாம்.
நீட்டிய ரப்பர் தானாகச் சுருங்கும்.
போகத்தான் காசு,
திரும்ப

அவர் திரும்பவில்லை.
திரையில் கோடு தொங்குகிறது,
மழையில் நனைந்த கொடிக்கயிறாக.
யாரும் சொல்லிக்கொடுக்காமலே
உதட்டைக் குவித்துச் சிறிது சிறிதாக விடுகிறார்,
சூடான கோப்பியை ஊதுவதுபோல.
கழுத்து நரம்பு புடைக்கிறது. ஆறு விநாடி. ஒன்பது.
குழாயை எடுத்ததும் சொன்னார்:
"இழுக்கறது வந்துடுதும்மா. விடறதுதான் வேல."

அப்படி எழுத என் படிவத்தில் கட்டமில்லை.

எனக்குத் தெரியும் உள்ளே என்னவென்று.
பதினோரு குடும்பம் குடியிருந்த கடைவீட்டில்
தடுப்புகளை எல்லாம் இடித்துத் தள்ளி
ஒரே கூடமாக்கி, செடித்தொட்டி வைத்து,
ஹோட்டல் என்று பலகை மாட்டுகிறார்களே, அதுதான்.
இடம் பெருத்துவிட்டது.
வாங்கலும் கொடுக்கலும் நடந்தது இடத்தில் அல்லவே,
சுவரில்.
பிரித்து விரித்தால் ஒரு பூப்பந்துத் திடல்
இருந்திருக்கும் அவரிடம் ஒருகாலத்தில்.
இன்று வலைக்கு இந்தப் பக்கம்கூட முழுதாக இல்லை.
சுருங்கவேண்டிய ரப்பரும் அந்தச் சுவர்களோடு போயிற்று.

நாற்பத்தொன்று விழுக்காடு என்று தட்டினேன்.
"பெட்டிக்கு எண்ணெய் கிண்ணெய் விடணுமா?" என்று
இயந்திரத்தைத் தடவிப் பார்த்தார்.
வேண்டாம் என்றேன்.
கதவு வரை பன்னிரண்டு அடி.
நடுவில் ஒருமுறை நின்றார்.

மாலை ஃபெரியில் நல்ல காற்று.
விளிம்போரம் வெள்ளையாக ஒரு சொறிமுட்டை
விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கிப் போனது.
கரை தட்டியதும் கூட்டம் தன்பாட்டில் வழிந்தது.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
என் கை மட்டும் பைக்குள் நுழைந்து
அட்டையைத் தேடிக்கொண்டே இருந்தது.